பாட்டு இல்லாமல் ஓட முடியவில்லை, பாட்டோடு ஓடினால் காது இரைகிறது

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. மூன்று ஆண்டுகளாக ஓடுகிறார். வாரத்தில் ஐந்து நாள், விடியும் முன்பே கிளம்பி ஒரு மணி நேரம். முதலில் ஒரு பூங்காவுக்குள் சில சுற்று, அப்புறம் வாசலைத் தாண்டிச் சாலையோரமாக மீதித் தூரம். இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்ன மியூசிக் பிளேயர் ஒன்று வைத்திருக்கிறார். அழைப்பு வராது, செய்தி வராது, பாட்டு மட்டும்தான் என்பதால் அது அவருக்கு உயிர். வார இறுதியில் தோழிகளோடு இரட்டையர் ஷட்டில் ஆடும்போதும் ஒரு காதில் இயர்போன் இருக்கும்.

மூன்று விஷயங்கள் அவரை எழுத வைத்திருக்கின்றன. சில மாதங்களாக ஓடி முடித்ததும் வலது காதில் 'கொய்ங்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறது. இரவுக்குள் அடங்கிவிடுகிறது. போன மாதம் பின்னால் வந்த சைக்கிள் ஒன்று தோளில் உரசி, கீழே விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டார். இன்னும் ஏழு வாரத்தில் 10 கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்று வருகிறது, அதன் விதிகளில் இயர்போன் கூடாது என்று இருக்கிறது. "இந்தச் சனியனைத் தூக்கிப் போடு" என்கிறார் கணவர். "பாட்டு இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட என்னால் ஓட முடியாது டாக்டர். பாட்டை விட்டால் ஓட்டத்தையே விட்டுவிடுவேன். வால்யூம் 60 சதவீதத்தைத் தாண்டியதே இல்லை. சாலையில் ஒரு காதில்தான் மாட்டுகிறேன். இதற்கு மேல் என்னதான் செய்ய?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முழங்கை ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். பிளேயரைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்று ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து ஓடிய ஒருவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது எனக்கும் சம்மதமில்லை. ஆனால் இப்போது செய்கிற மாதிரியே தொடரவும் முடியாது. உங்கள் காது இரண்டு வழியில் அதைச் சொல்லிவிட்டது. ஒன்று இரைச்சல், இன்னொன்று அந்தச் சைக்கிள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

பாட்டு உண்மையிலேயே உதவுகிறதா?

உதவுகிறது, அது உங்கள் கற்பனை இல்லை. லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் கோஸ்டாஸ் காரகியோர்கிஸ் என்பவர் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகிறார். 2020-இல் அவரும் சக ஆய்வாளர்களும் 139 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். பாட்டோடு உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மனநிலை நன்றாக இருக்கிறது, செயல்திறன் கொஞ்சம் கூடுகிறது, களைப்பு குறைவாகத் தெரிகிறது என்று வந்தது. தாளத்துக்குக் கால் ஒத்துப்போவதும் நிஜம்தான். எத்தியோப்பிய ஓட்டவீரர் ஹைலே கெப்ரசெலாசி 1998-இல் பர்மிங்ஹாமில் உள்ளரங்க 2000 மீட்டர் சாதனையை முறியடித்தபோது, அரங்கில் ஒலித்த ஒரு பாட்டின் தாளத்துக்கே ஓடினார்.

ஆனால் அதே அலசலில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இதயத் துடிப்பில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் இல்லை. களைப்பு குறைவாகத் தெரிகிறது, இதயமோ அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்ந்த காலையில் நிதானமாக ஓடும்போது இது நல்ல சலுகை. புழுக்கம் மிகுந்த நாளில், சரியாகத் தூங்காத மறுநாளில், காய்ச்சல் விட்ட வாரத்தில் இதே சலுகை ஆபத்து. 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொல்வதைப் பாட்டு மூடிவிடுகிறது. வேகம் மிகவும் கூடிவிட்டால் பாட்டால் மூச்சிரைப்பை மறைக்க முடிவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் பாட்டு ஏமாற்றுவது மிதமான ஓட்டத்தில்தான். நீங்கள் தினமும் ஓடுவது அந்த ஓட்டம்தானே.

'பாட்டு இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட முடியாது' என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் கால்களால் முடிகிறது, மூன்று ஆண்டுகளாக முடிந்திருக்கிறது. பாட்டில்லாமல் களைப்பு எப்படி இருக்கும் என்பதுதான் உங்களுக்குப் பழக்கமில்லை. அதைப் பழகிக்கொள்ள முடியும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நான் இரண்டு முறை படித்த வரி

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். "வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பாட்டு அலறுகிற மாதிரி இருக்கும், அவசரமாகக் குறைப்பேன்." அதற்கு முந்தைய பக்கத்தில், சாலைக்கு வந்ததும் வால்யூம் பட்டனை 'ரெண்டு மூணு தடவை அமுக்குவேன்' என்றும் இருக்கிறது.

அப்படியென்றால் 60 சதவீதம் என்பது கிளம்பும்போது இருந்த அளவு. திரும்பி வரும்போது இருந்தது வேறு. நீங்கள் பொய் சொல்லவில்லை, காது அப்படித்தான் வேலை செய்யும். சுற்றிலும் வண்டிச் சத்தம் இருக்கும்போது, பாட்டு அதற்கு மேலே நின்றால்தான் கேட்ட மாதிரி இருக்கும். அது போதாதென்று ஓட்டத்துக்கே உரிய இன்னொரு சத்தமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு நாலு அடி நடந்து பாருங்கள். கால் தரையில் பதியும் 'தொம் தொம்' மண்டைக்குள் கேட்கும். துவாரத்தை அடைக்கும் ரப்பர் முனை இயர்போன் மாட்டினாலும் இதேதான் நடக்கிறது. எலும்பு வழியாக வரும் காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே பெரிதாகின்றன. அதையும் மூழ்கடிக்க வால்யூமை இன்னும் ஏற்றுகிறோம்.

அப்புறம் அந்த 60 சதவீதக் கணக்கு. அது பட்டன் நிற்கும் இடத்தின் கணக்குதான், சத்தத்தின் கணக்கு இல்லை. ஒரு பிளேயரின் 60-ம் இன்னொன்றின் 60-ம் ஒன்றல்ல. அதே பிளேயரில் இயர்போனை மாற்றினாலே சத்தம் மாறிவிடும். அளக்க வேண்டியது டெசிபலை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல். இதை ஒரு ரேஷன் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், அதனால் நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10. 89 என்றால் 5. 92 என்றால் வாரத்துக்கே இரண்டரை மணி நேரம்தான்.

உங்கள் வாரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஓட்டம் 5 மணி நேரம். ஷட்டில் 3 மணி நேரம். வீட்டு வேலை செய்யும்போதும் பயணத்திலும் கேட்பதாக எழுதியது சுமார் 4 மணி நேரம். ஆக 12. சாலைச் சத்தத்துக்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமென்றால் 85, 90 டெசிபலுக்குப் போவது சாதாரணம். உங்கள் ரேஷன் வாரத்தின் நடுவிலேயே தீர்ந்துவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

இரவுக்குள் அடங்கிவிடுகிற இரைச்சல்

'அடங்கிவிடுகிறது, அதனால் பாதிப்பு இல்லை' என்று நீங்கள் நினைப்பதை நான் திருத்தியாக வேண்டும்.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள். ஒலியை நரம்புக்குப் புரியும் செய்தியாக மாற்றுபவை அவைதான். அதிகச் சத்தத்தில் அவை துவண்டுபோகின்றன. ஓய்வு கிடைத்தால் நிமிர்கின்றன. துவண்டிருக்கும் நேரத்தில்தான் காது மந்தமாகவும் இரைச்சலாகவும் இருக்கிறது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் சில செல்கள் நிமிர்வதே இல்லை. தோல் போல, நகம் போல இவை மறுபடி முளைக்காது. பிறக்கும்போது இருந்தவைதான் ஆயுள் முழுக்க.

கேட்கும் திறன் பழைய நிலைக்கு வந்த பிறகும் உள்ளே சேதம் தங்கியிருக்கலாம் என்பது 2009-இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வில் தெரியவந்தது. செல்கள் பிழைத்திருந்தன, ஆனால் அவற்றுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் பல அறுந்துபோயிருந்தன. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. ஆனாலும் 'இரைச்சல் போய்விட்டது, கணக்கு தீர்ந்தது' என்று இருக்க இந்த ஒரு முடிவு தெரிந்த பிறகு எனக்கு மனம் வரவில்லை.

சத்தத்தால் வரும் இழப்பு முதலில் 4000 ஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டி விழும். கேட்புச் சோதனைத் தாளில் கோடு நேராக வந்து, அந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தை வாரம் ஒருவரிடமாவது பார்க்கிறேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தனக்கு எல்லாம் கேட்கிறது என்றுதான் சொல்வார். கேட்கும், அமைதியான அறையில் கேட்கும். கூட்டத்தில்தான் தடுமாற்றம். கடை, தடை, படை, சடை, இந்த நான்கையும் பிரித்துக் காட்டுவது முதல் எழுத்தின் மெய் ஒலி மட்டும்தான். அந்த மெய்களைப் பிரித்தறிய உதவும் நுணுக்கங்களில் பெரும்பகுதி உயர்ந்த அலைவரிசையில் இருக்கிறது. 'அ' என்ற உயிர் கேட்கும், முன்னால் நின்ற மெய் கேட்காது. அப்புறம் 'என்ன, என்ன' என்று இரண்டு தரம் கேட்க வேண்டிவரும்.

உங்களுக்கு அந்தப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்கிறேன். இரைச்சல் வலது காதில் மட்டும் இருப்பது ஒரு துப்பு. நீங்கள் ஒற்றை இயர்போன் மாட்டுவது அந்தக் காதில்தான்.

ஒற்றைக் காது பாதுகாப்பா?

இப்போது சைக்கிளுக்கு வருவோம். நீங்கள் எழுதியது இது: "மணிச் சத்தம் கேட்டது டாக்டர், கேட்காமல் இல்லை. இடது பக்கமிருந்து வருகிற மாதிரி இருந்தது. அதனால் வலது பக்கம் விலகினேன். அவர் வலது பக்கம்தான் வந்துகொண்டிருந்தார்."

இதை அதிர்ஷ்டக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. வலப்பக்கச் சத்தம் வலது காதை முதலில் எட்டும். இடது காதுக்கு அதிகபட்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில் போகும், கொஞ்சம் மெலிந்தும் போகும். அந்த அற்பத் தாமதத்தை வைத்தே நாம் திசையை அறிகிறோம். வலது காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மணி இடது காதில் மட்டும் விழும். மூளை 'இடப்பக்கம்' என்று முடிவு கட்டிவிடும். உங்கள் உடம்பு சரியாகத்தான் விலகியது, காது கொடுத்த தகவல்தான் தப்பு.

ஒற்றைக் காதில் மாட்டினால் ஏதோ வருகிறது என்று தெரியும், எங்கிருந்து என்று தெரியாது. சாலையில் இரண்டாவதுதான் முக்கியம். இன்னொன்றும் இருக்கிறது. ஒரு காதில் மட்டும் கேட்கும்போது பாட்டு மெலிவாகத் தெரிவதால் அந்த ஒரு காதுக்கு வால்யூமைக் கூட்டிவிடுகிறோம். இரண்டு காது பகிர்ந்திருக்க வேண்டிய சுமையை ஒன்று சுமக்கிறது.

அமெரிக்காவில் 2004 முதல் 2011 வரை ஹெட்போன் அணிந்து நடந்தவர்கள் வண்டி மோதிய 116 சம்பவங்களை ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் மோதியது ரயில். பத்தில் ஏழு பேர் பிழைக்கவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சம்பவங்களில், மோதுவதற்கு முன் ஹார்ன் அடித்த செய்தி பதிவாகியிருந்தது. செய்தித்தாள்களிலிருந்தும் விபத்துப் பதிவுகளிலிருந்தும் திரட்டியது என்பதால் அந்தக் கணக்கில் ஹெட்போன்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பெரிய ரயில், அத்தனை பெரிய ஹார்ன். உங்களுக்குப் பின்னால் வருவது அதைவிடச் சிறியது.

விடியும் முன் தனியாக ஓடுகிறீர்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா, ஒரு வண்டி வேகம் குறைக்கிறதா, நாய் உறுமுகிறதா, இருட்டில் இதையெல்லாம் கண்ணுக்கு முன்னால் காதுதான் சொல்லும். ஒரு பெண் அந்த நேரத்தில் ஓடக் கூடாது என்று சொல்பவன் இல்லை நான். தாராளமாக ஓடுங்கள், இரண்டு காதோடும் ஓடுங்கள்.

எலும்பு வழி இயர்போன் வாங்கலாமா?

கன்ன எலும்பின் மேல் உட்கார்ந்து, காதுத் துவாரத்தைத் திறந்தே வைத்திருக்கும் வகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல பொருள்தான். சுற்றுப்புறச் சத்தம் உள்ளே வரும், திசையும் ஓரளவு தெரியும். பிரிட்டனில் போக்குவரத்தை முழுதும் மூடாத சாலைகளில் நடக்கும் ஓட்டங்களில், மற்ற இயர்போன்களைத் தடை செய்துவிட்டு இந்த வகைக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் 'செவிப்பறையைத் தொடாது, அதனால் காதுக்குக் கெடுதலே இல்லை' என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். செவிப்பறை வழியாக வந்தாலும் எலும்பு வழியாக வந்தாலும் ஒலி போய்ச் சேருவது அதே காக்ளியாவுக்குத்தான். சத்தமாக வைத்தால் அதே செல்கள்தான் துவளும். துவாரம் திறந்திருப்பதால் சாலை இரைச்சலில் வால்யூமை ஏற்றத் தோன்றும் என்பதும் உண்டு. அப்புறம், காது திறந்திருந்தால் கவனமும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. பாட்டின் வரியில் மனம் போய்விட்டால் மணி கேட்டும் கேட்காததுதான்.

ரப்பர் முனை வகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தத்தை அது அடைத்துவிடுவதால் குறைந்த வால்யூமே போதும். ஜிம்மில் ட்ரெட்மில் மேல் ஓடும்போது, பின்னால் வண்டி வராத இடத்தில், அதுதான் காதுக்கு நல்லது.

பூங்கா வாசல்தான் எல்லை

இனி என்ன செய்யலாம் என்பது. உங்கள் பாதையிலேயே விடை இருக்கிறது.

பூங்காவுக்குள் பாட்டு இருக்கட்டும். வீட்டில் எல்லாம் அமைதியாக இருக்கும்போது, ஒரு கை தூரத்தில் நிற்பவர் சாதாரணக் குரலில் பேசினால் உங்களுக்குப் புரிகிற அளவுக்கு வால்யூமை வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரில் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் அங்கேயே பூட்டிவிடுங்கள். பூட்ட முடியாவிட்டால், கிளம்பிய பிறகு பட்டனைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்கவில்லை என்றால் அந்த இடம் பாட்டுக்கு ஏற்ற இடமில்லை.

வாசலைத் தாண்டும்போது இரண்டு இயர்போனையும் கழற்றிப் பைக்குள் போடுங்கள். கழுத்தில் தொங்கவிட வேண்டாம், கை தானாக அதைத் தேடும்.

வீட்டு வேலைக்கும் பயணத்துக்கும் கேட்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ரேஷனை ஓட்டத்துக்குச் சேமியுங்கள். உங்களுக்குப் பாட்டு மிகவும் தேவைப்படுவது அங்கேதானே.

ஷட்டிலில் பாட்டே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. இரட்டையர் ஆட்டத்தில் 'என்னுது' என்று ஜோடி கத்துவது கேட்காவிட்டால், இருவரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மட்டை முகத்தில் படும். எதிராளி அடித்த சத்தத்திலேயே பந்து வேகமாக வருகிறதா மெதுவாக விழப் போகிறதா என்று பாதி தெரிந்துவிடும், அதையும் இழக்கிறீர்கள். காதுக்குள் இயர்போன் இருக்கும்போது அங்கே அடி பட்டால் துவாரத்தின் தோல் கிழியும்.

வலது காதில் அரிப்பு இருப்பதையும், இயர்போன் மாட்டுவதற்கு முன் பஞ்சுக் குச்சியால் துடைப்பதையும் எழுதியிருந்தீர்கள். குச்சியை இன்றோடு விட்டுவிடுங்கள். காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், குச்சி அழுக்கை உள்ளே தள்ளி, துவாரத்தின் மெல்லிய தோலைக் கீறிவிடும். கீறிய தோல், வியர்வை, அதன் மேல் காற்றுப் புகாத ரப்பர் முனை, தொற்று வர இவ்வளவு போதும். காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வலித்தால் தொற்று இருக்கலாம். மருத்துவர் பார்க்கும் வரை அந்தக் காதில் எதையும் மாட்டவும் வேண்டாம், எதையும் ஊற்றவும் வேண்டாம். துடைக்க வேண்டியது இயர்போனின் முனையை, ஓடி முடித்த ஒவ்வொரு முறையும்.

பிளேயர் மின்னலை இழுக்கும் என்று தோழி சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். இழுக்காது. ஆனால் 2005-இல் கனடாவின் வான்கூவர் அருகே பாட்டு கேட்டபடி ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கத்தில் இருந்த மரத்தில் மின்னல் இறங்கி, அவர் மேலும் பாய்ந்தது. மார்பிலிருந்து கழுத்து வழியாகக் காது வரை, இயர்போன் ஒயர் போன தடத்திலேயே தீக்காயம். இரண்டு செவிப்பறையும் கிழிந்தன, தாடை எலும்பு முறிந்தது. வியர்வையும் உலோக ஒயரும் மின்சாரத்துக்கு வழி காட்டிவிட்டன. இடி கேட்டால் ஒயர் இருக்கிறதோ இல்லையோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். இடி கேட்பதற்கே காது திறந்திருக்க வேண்டும்.

போட்டி நாள்

சின்ன இயர்போனை முடிக்குள் மறைத்துக்கொண்டு ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 'இதற்கெல்லாம் யாரையும் தகுதி நீக்கம் செய்ய மாட்டார்கள்' என்பதும் சரியில்லை. 2009-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்த மாரத்தானில் முதலில் வந்த பெண், அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே நண்பரிடம் தண்ணீர் வாங்கியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். அடுத்து வந்தவருக்கு முதலிடம் போனது. அவர் வழியில் பாட்டு கேட்டது தெரியவந்ததும் அவரும் நீக்கப்பட்டார். 26 மைல் ஓடிய பிறகு.

உலகத் தடகள விதிகளில், போட்டி நடக்கும் இடத்தில் ரேடியோ, தொலைபேசி போன்ற கருவிகளை வைத்திருப்பதே வெளி உதவியாகக் கருதப்படுகிறது. அமெரிக்கத் தடகளச் சங்கம் 2007-இல் எல்லோருக்கும் தடை போட்டு, அடுத்த ஆண்டே பரிசுக்காக ஓடாதவர்களுக்குத் தளர்த்தியது. ஆக, விதி போட்டிக்குப் போட்டி மாறும். உங்கள் போட்டியில் பரிசுக்கு ஓடாதவர்களுக்கு விலக்கு உண்டா என்று அமைப்பாளர்களிடம் எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'இல்லை' என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வரும், 'ஓரமாகப் போங்க' என்று தன்னார்வலர் கத்துவார், முந்துபவர் 'வலது பக்கம்' என்பார். உங்களுக்காக மட்டும் போட்ட விதி இல்லை அது. அடுத்தவரின் முழங்கையும் அதில் இருக்கிறது.

புறப்படும் கோட்டுக்குப் போவதற்கு முன் கேட்பதை பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் ஒலிம்பிக்கில் ஹெட்போனோடு குளத்தருகே வந்து, ஏறி நிற்கும் வரை கழற்றாமல் இருந்ததை உலகமே பார்த்தது. நீங்களும் அப்படிச் செய்யலாம். உடம்பைச் சூடேற்றும் இருபது நிமிடமும் பாட்டு, அப்புறம் பை.

ஏழு வாரம் போதுமான காலம். முதல் இரண்டு வாரம் வாசல் விதி மட்டும். சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று நாள் கால் கனக்கும், நேரம் நகராது, மூச்சுச் சத்தம் அசிங்கமாகத் தோன்றும். அது உங்கள் மூச்சுதான். இதுவரை நீங்கள் அதைக் கேட்டதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் பூங்காவிலும் பாட்டு இல்லாமல் ஓடுங்கள், ஐந்தாவதில் இரண்டு நாள். கடைசி இரண்டு வாரமும் நீண்ட ஓட்டம் முழுக்கப் பாட்டில்லாமல் இருக்கட்டும். தாளம் வேண்டுமென்றால் காலடியை எண்ணுங்கள். மூன்று அடிக்கு மூச்சை இழுத்து, இரண்டு அடிக்கு விடுங்கள். அவ்வப்போது ஒரு முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திணறாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. நடுவில் உடைந்தால் குறையுங்கள். கை இரண்டையும் வீசி ஓடிக்கொண்டே பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தாலும் இதே சோதனைதான், தடை செய்ய யாராலும் முடியாது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

இந்த மாதத்துக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். வலியில்லாத சோதனை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சத்தம் இல்லாத வேறு காரணங்களையும் அவர் பார்த்து விலக்க வேண்டியிருக்கும். முந்தைய நாளும் அன்று காலையும் பாட்டு வேண்டாம், துவண்ட காதோடு போனால் முடிவு தப்பாக வரும்.

இரைச்சல் மறுநாளும் அடங்காவிட்டாலோ, தலைசுற்றல் சேர்ந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். ஒரு காது திடீரென்று அடைத்தது போல் மந்தமானால் அது அவசரம். சளி, அழுக்கு என்று நினைத்து ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் கேட்கும் திறனை மீட்க நல்ல வாய்ப்பு.

சோதனைத் தாளின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோடு நேராக இருந்தாலும் வாங்குங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் தாளை இதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.